குழுச் செய்திகளில் சுருக்கமும் தெளிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், தாமான் குடியிருப்பாளர் சங்கம் போன்றவற்றின் புலனக் குழுக்களில் அறிவிப்பு எழுதும் பொறுப்பை ஏற்றிருப்பவர்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. வாட்ஸ்அப்பைப் புலனம் என்று அழைப்பது நம் நாட்டு வழக்கம். இங்கும் அச்சொல்லே பயன்படுகிறது. குடும்பத்துக்குள் இருவர் பரிமாறிக்கொள்ளும் செய்திகளுக்கு இவ்வளவு கவனம் தேவையில்லை என்றாலும், கீழே சொல்லப்படும் குழப்பங்களில் பாதி அங்கும் நடப்பவைதான்.

சுருக்கி எழுதுவது தவறா?

தவறில்லை. சுருக்கம் தமிழுக்குப் புதியதும் அன்று. பழைய கணக்கேடுகளிலும் கடிதங்களிலும் நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு, மேற்படி ஆகியவற்றுக்கு ௳, ௴, ௵, ௶, ௷, ௸ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. அவை இன்று யூனிகோடிலும் இடம்பெற்றிருக்கின்றன. எழுதியவரும் படித்தவரும் ஒரே தொழிலில் பழகியவர்களாக இருந்ததால் அக்குறிகள் யாரையும் குழப்பவில்லை. நம் குழுக்களிலோ பதினெட்டு வயது மாணவரும் எழுபது வயது ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே செய்தியைப் படிக்கின்றனர்.

ஆகவே, சுருக்கலாமா என்பதைவிட எதை வெட்டுகிறோம் என்பதே கவனிக்க வேண்டியது. ஆங்கிலத்தில் உயிரெழுத்துகளை விட்டுவிட்டு மெய்யெழுத்துகளை மட்டும் எழுதினாலும் சொல் பெரும்பாலும் விளங்கிவிடும். மலாயிலும் அப்படியே எழுதிப் பழகியிருக்கிறோம். தமிழில் குறிலும் நெடிலும் மாறினால் பொருளே மாறுகிறது. யார், எப்போது, செய்தாரா செய்யவில்லையா என்பதெல்லாம் சொல்லின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவசரத்தில் நாம் வெட்டுவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதியைத்தான். வணக்கத்தைச் சுருக்கலாம், முன்னுரையை விட்டுவிடலாம், 'அன்புக்கும் மதிப்புக்கும் உரிய' என்னும் அடைமொழிகளை முழுவதுமாக நீக்கலாம். வினைமுற்றின் விகுதியில் மட்டும் கை வைக்கக் கூடாது.

'வர்றேன்' என்று பதில் வந்தால், அவர் வருகிறாரா அல்லது விடைபெறுகிறாரா?

எழுத்தை மட்டும் பார்த்தால் சொல்ல முடியாது. 'போகிறேன்' என்று சொல்லிக் கிளம்புவது நம்மவர்க்கு ஆகாது என்பதால், விடைபெறும்போதும் 'வர்றேன்' என்றுதான் சொல்கிறோம். நேரில் பேசும்போது அவர் வாசலை நோக்கி நடப்பதைக் கண்டு பொருள் புரிந்துகொள்கிறோம். திரையில் அந்த உதவி கிடைப்பதில்லை. 'சனிக்கிழமை சிரமதானத்துக்கு யார் யார் வருகிறீர்கள்?' என்று கேட்டு, நடுவில் நான்கைந்து வேறு செய்திகள் வந்தபின் 'சரி அண்ணே, வர்றேன்' என்று ஒருவர் எழுதினால், சாப்பாட்டுக் கணக்கில் அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஏற்பாட்டாளர் திகைக்க வேண்டியதுதான்.

'இதோ வந்துட்டேன்' என்பதும் இதே வகையைச் சேர்ந்தது. சொல் இறந்த காலத்தில் இருக்கிறது. சொல்பவரோ பல வேளைகளில் வீட்டில் காலணியைத் தேடிக்கொண்டிருப்பார். இதைப் பொய் என்று கொள்ளக் கூடாது. உறுதியாக நடக்கப்போவதை நடந்து முடிந்ததாகச் சொல்வது தமிழில் நெடுங்காலமாக உள்ள மரபு. ஆனால் பேருந்தை நிறுத்திவைத்துக் காத்திருப்பவருக்கு இலக்கண மரபு உதவாது. 'வந்துட்டேன்' என்பதோடு இடத்தையும் சேர்த்து, 'வந்துவிட்டேன், பள்ளி வாசலில் நிற்கிறேன்' என்றோ 'கிளம்பிவிட்டேன், கெலுகோரில் இருக்கிறேன்' என்றோ எழுதினால் ஐயம் தீரும்.

மிகவும் ஆபத்தானது 'வரல'. நேற்று வரவில்லை, இன்னும் வந்து சேரவில்லை, நாளை வரப்போவதில்லை என்னும் மூன்றுக்கும் பேச்சுவழக்கில் அந்த ஒரே சொல்தான். 'பேருந்து வரல' என்றால் காத்திருக்கலாமா, வேறு வண்டி தேட வேண்டுமா? 'இன்னும் வரவில்லை', 'இன்று வராதாம்' என்று ஒரு சொல்லைக் கூட்டி எழுதுவதே போதும். 'வரமாட்டேன்' என்று எழுதினால் கண்டிப்பாக ஒலிக்கிறதே என்று தயங்குபவர்கள் 'வர இயலாது' என்று எழுதலாம். அது மரியாதையாகவும் இருக்கும், வேறு பொருளும் தராது. 'பார்க்கலாம்' என்ற பதிலை ஏற்பாட்டாளர்கள் 'இல்லை' என்ற கணக்கில் எழுதிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

'நாங்கள்', 'நாம்', 'அவங்க', 'நீங்க' ஆகியவற்றில் என்ன சிக்கல்?

முதல் இரண்டும் சிக்கலைத் தீர்ப்பவை. 'நாம் போகிறோம்' என்றால் படிப்பவரும் அதில் அடக்கம். 'நாங்கள் போகிறோம்' என்றால் அவர் அடக்கம் இல்லை. மலாயில் 'கித்தா', 'காமி' என்று இதே வேறுபாடு உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் தட்டச்சு செய்பவர்களே இதைத் தவறவிடுகின்றனர். அழைப்பு இல்லாதவர் அழைக்கப்பட்டதாக எண்ணுவதும், அழைக்கப்பட்டவர் மனவருத்தம் கொள்வதும் இதனால் நேர்கின்றன.

'அவங்க வராங்க' என்பதில் வருபவர் மரியாதைக்குரிய ஒருவரா, பலரா என்பது தெரியாது. நாற்காலி போடுபவருக்கு எண்ணிக்கை வேண்டும். ஆகவே எண்ணிக்கையை எழுதுங்கள். குழுவில் 'நீங்க கட்டாயம் வரணும்' என்று பொதுவாக எழுதினால் எல்லாரும் மற்றவரைச் சொல்வதாக எண்ணி இருந்துவிடுவார்கள். ஒருவரைக் குறிப்பிட வேண்டுமானால் அவர் எழுதிய செய்தியையே தொட்டுப் பதிலளியுங்கள், அல்லது 'சேகர் அண்ணே' என்று விளித்துத் தொடங்குங்கள்.

தமிழை ரோமன் எழுத்தில் எழுதலாமா?

எழுதக் கூடாது என்று சொல்வது எளிது, நடைமுறைக்கு ஒத்துவராது. தேசியப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளில் பலர் தமிழைச் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் தமிழ் எழுத்தை மெதுவாகவே படிப்பார்கள். அவர்களைக் குழுவிலிருந்து விலக்கிவிட்டுத் தமிழ் வளர்க்க முடியாது.

அதே வேளையில் ரோமன் எழுத்தின் குறையையும் அறிந்திருக்க வேண்டும். ல, ள, ழ மூன்றுக்கும் எல் என்ற ஒரே எழுத்து. ன, ண இரண்டுக்கும் என் என்ற ஒரே எழுத்து. நெடிலைக் காட்டுவதற்கு எழுத்தை இரட்டிக்கும் பொறுமை பெரும்பாலோர்க்கு இல்லை. வி, ஏ, எல், ஐ என்று நான்கு எழுத்தைத் தட்டினால் அது வலியாகவும் இருக்கலாம், வழியாகவும் இருக்கலாம், வாளியாகவும் இருக்கலாம். கே, ஏ, எல், ஏ, ஐ என்பது கலையா, களையா, காலையா என்று சூழலைக் கொண்டே ஊகிக்க வேண்டும். காலையில் நடக்கும் கலைநிகழ்ச்சிக்கு அறிவிப்பு எழுதிப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். ரோமன் எழுத்தில் எழுதியே ஆக வேண்டும் என்றால் நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டித்து எழுதுங்கள்; ழகரத்துக்கு இஸட் எழுத்தையோ இஸட், எச் இரண்டையும் சேர்த்தோ இடுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று நம் நாட்டிலேயே உருவாகியிருக்கிறது. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் விசைமுறையில் ரோமன் எழுத்துகளை ஒலிப்படி தட்டினால் திரையில் தமிழ் எழுத்து தோன்றும். 2005இல் வெளிவந்த அவருடைய செல்லினம் தமிழில் எழுதும் வசதியைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைமுகம் கற்றுக்கொள்ளச் சில நாள் பிடித்தாலும், பழகியபின் ஒலிப்படி தட்டுவதைவிட வேகமானது. பொது அறிவிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி, நாள், நேரம், இடம் ஆகிய மூன்றையும் மட்டும் அடியில் ஒரு வரியில் மலாயில் தருவதே இரு தரப்புக்கும் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

முற்றுப்புள்ளி வைத்தால் கோபமாக இருப்பதாகப் பொருளா?

இளையோரில் பலர் அப்படித்தான் படிக்கின்றனர். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் செலியா கிளின் தலைமையிலான குழு செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சொல் பதிலின் முடிவில் முற்றுப்புள்ளி இருந்தால் அது மனமார்ந்ததாக இல்லை என்று மாணவர்கள் மதிப்பிட்டனர். அதே பதிலைக் கையால் எழுதிய குறிப்பாகக் காட்டியபோது இந்த வேறுபாடு தென்படவில்லை. அந்த ஆய்வு ஆங்கிலச் செய்திகளைப் பற்றியது. இருந்தாலும், 'சரி' என்பதற்கும் புள்ளியிட்ட 'சரி.' என்பதற்கும் இடையே நம் பிள்ளைகள் உணரும் வேறுபாட்டை அது ஓரளவு விளக்குகிறது.

என் பரிந்துரை இது: ஒரு சொல், இரு சொல் பதில்களுக்குப் புள்ளி வேண்டாம். இரண்டு வாக்கியங்களுக்கு மேல் செல்லும் எந்தச் செய்திக்கும் புள்ளி கட்டாயம் வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 'நன்றி.' என்று புள்ளியோடு எழுதினால் அவர் கோபப்படவில்லை; அவர் படித்துக்கொடுத்ததையே செய்கிறார்.

காற்புள்ளியும் வினாக்குறியும் உண்மையில் தேவையா?

தமிழ் வாக்கியம் குறிகள் இன்றியே நிற்கக்கூடியது. ஓலைச்சுவடிகளில் இன்றைய நிறுத்தக்குறிகள் இல்லை. 'வந்தாரா' என்பதில் ஆகாரமே வினாவைக் காட்டிவிடுவதால் வினாக்குறி கூடுதல் அலங்காரம்தான். ஆனால் குறுஞ்செய்தியில் நாம் அந்த ஆகாரத்தையே விட்டுவிடுகிறோம். 'சாப்பாடு வந்தாச்சு' என்பது செய்தி, 'சாப்பாடு வந்தாச்சு?' என்பது கேள்வி. குறியை விட்டால், சமையற்காரர் கேட்ட கேள்வியைப் பதிலாக எண்ணி எல்லாரும் பசியோடு மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள்.

காற்புள்ளிக்கு இந்த ஒரு சான்று போதும். 'மாமா வீட்டில் இல்லை' என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாமா வெளியே போயிருக்கிறார் என்பது ஒரு பொருள். தேடும் பொருள் மாமாவின் வீட்டில் கிடைக்கவில்லை என்பது இன்னொரு பொருள். மாமாவை விளித்து, நான் வீட்டில் இல்லை என்று சொல்வது மூன்றாவது பொருள். 'மாமா, வீட்டில் இல்லை' என்று காற்புள்ளியிட்டால் இரண்டாவது பொருள் நீங்கிவிடும். 'மாமாவின் வீட்டில் இல்லை' என்று உருபை வெளிப்படையாக எழுதினால் ஒரே பொருள்தான். குறியைவிட உருபுக்கு வலிமை அதிகம் என்பதால், ஐயம் தோன்றும் இடத்தில் முதலில் உருபைச் சேர்த்துப் பாருங்கள்.

சொற்களுக்கு நடுவே மூன்று புள்ளி போடுவது சரியா?

மூத்தவர்கள் பலர் அதைக் காற்புள்ளிக்கு மாற்றாகப் பயன்படுத்துகின்றனர். இளையோர் அதைத் தயக்கமாகவோ குத்தலாகவோ படிக்கின்றனர். 'நீங்கள் வந்தால் நல்லது...' என்பது அழைப்பா மிரட்டலா என்று கேட்டவர்களும் உண்டு. அறிவிப்பில் வேண்டாம்.

மலாய்ச் சுருக்கங்களைத் தமிழ்ச் செய்தியில் கலக்கலாமா?

இருவரும் இந்நாட்டில் வளர்ந்தவர்கள் என்றால் தடையில்லை. வினைக்கு முன் எக்ஸ் என்ற எழுத்தை ஒட்டினால் 'தாக்' என்ற எதிர்மறை என்று இங்குள்ள பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த உறவினர் அதே எழுத்தைப் பிழைக்குறியாகவோ முத்தமாகவோ எண்ணக்கூடும். திருமணக் குழுக்களில் இது நினைவிருக்கட்டும்.

சொல்லுக்குப் பின் 2 என்ற எண்ணை இட்டு இரட்டிக்கும் பழக்கம் இன்னொன்று. மலாயில் 1972ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அது முறையான வழக்காகவே இருந்தது. பின்னர் பாடநூல்களிலிருந்து நீங்கினாலும் கைப்பேசியில் மீண்டும் உயிர்பெற்றுவிட்டது. அதைப் பார்த்து நம் பிள்ளைகள் அடுக்குத்தொடருக்கும் 2 போடத் தொடங்கியுள்ளனர். 'சீக்கிரம்2' என்பதில் குழப்பமில்லை. 'தட்டு2' என்று எழுதினால் கதவைத் தட்டச் சொல்கிறாரா, இரண்டு தட்டு கேட்கிறாரா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

நாளையும் நேரத்தையும் எப்படி எழுத வேண்டும்?

குழுச் செய்திகளில் ஏற்படும் உண்மையான இழப்புகளுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். எழுத்துப் பிழையால் யாரும் திருமணத்தைத் தவறவிடுவதில்லை.

'இன்று', 'நாளை', 'அடுத்த சனி' ஆகிய மூன்றையும் அறிவிப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். செய்தி நள்ளிரவுக்குப் பின் படிக்கப்பட்டால் 'நாளை' ஒரு நாள் தள்ளிப்போகிறது. புதன்கிழமை 'அடுத்த சனி' என்றால் சிலருக்கு மூன்று நாளில் வருவது, சிலருக்குப் பத்து நாளில் வருவது. பகிரப்படும் செய்தியில் இன்னும் மோசம்: 'இன்று மாலை அவசரமாக ஓ நெகட்டிவ் இரத்தம் தேவை' என்னும் வேண்டுகோள், தேவை முடிந்து பல மாதங்கள் ஆனபின்னும் குழு குழுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கிழமை, தேதி, மாதத்தின் பெயர், ஆண்டு ஆகிய நான்கையும் எழுதுங்கள். மாதத்தை எண்ணால் எழுதினால் நம் நாட்டில் நாள்தான் முதலில் வரும். அமெரிக்காவில் வேலை செய்யும் மகளுக்கு அது தலைகீழாகத் தெரியும்.

பினாங்கிலுள்ளவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று 'வார இறுதி' என்ற சொல். பினாங்கில் அது சனி, ஞாயிறு. அண்டை மாநிலமான கெடாவில் வெள்ளி, சனி. சுங்கைப்பட்டாணியிலிருந்து வர வேண்டிய பேச்சாளருக்கு 'வார இறுதியில் வாங்க' என்று எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தால், அவர் அன்று அலுவலகத்தில் இருப்பார். கிளந்தானிலும் திரங்கானுவிலும் இதே நிலை. ஜொகூர் மட்டும் 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது.

மணிக்கு முன் காலை, மதியம், மாலை, இரவு என்பதைக் கட்டாயம் சேருங்கள். 'மணி 7க்குப் பூசை' என்பது கோயிலுக்கு நாள்தோறும் வருபவருக்கு மட்டும் விளங்கும். புலனத்தில் ஒரு சொல்லின் இருபுறமும் உடுக்குறி (*) இட்டால் அது தடித்த எழுத்தாக மாறும். அந்த வசதியை நாளுக்கும் நேரத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டால் கண் நேராக அங்கே போகும். வரிக்கு வரி தடித்த எழுத்தானால் எதுவும் தனித்துத் தெரியாது.

இடத்தைக் குறிப்பிடும்போது?

'பாலத்தைத் தாண்டிட்டேன்' என்று எழுதுபவர் எந்தப் பாலம், எந்தத் திசை என்பதையும் எழுத வேண்டும். 1985இல் திறக்கப்பட்ட முதல் பாலம் பிறையையும் கெலுகோரையும் இணைக்கிறது. 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்கு வருகிறது. ஒன்றில் வருபவரை மற்றொன்றின் முனையில் காத்திருந்து அழைத்துச் செல்ல முடியாது. 'மாரியம்மன் கோயில்' என்று மட்டும் எழுதினால் இந்நாட்டில் ஊருக்கு ஒன்று இருக்கும். சாலையின் பெயரைச் சேருங்கள். சாலைக்கு இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போவின் ஒரு பகுதிக்கு 2014இல் ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா என்று பெயர் மாறியும், பெரியவர்கள் வாயில் பழைய பெயரே வாழ்கிறது.

தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் ஏன் இரண்டு செய்தியாகக் கணக்கிடப்படுகிறது?

இது புலனத்துக்குப் பொருந்தாது; தொலைபேசி நிறுவனம் வழியாகச் செல்லும் எஸ்எம்எஸ் பற்றியது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் எழுத்துக்கு 16 பிட் தேவைப்படுவதால் 70 இடங்கள்தான் கிடைக்கும். மேலும், நாம் ஒன்றாக எண்ணும் உயிர்மெய் பல நேரங்களில் இரண்டு இடங்களைப் பிடிக்கும்: 'கோயில்' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு 6 இடங்கள்; 'வணக்கம்' ஐந்தெழுத்து, 7 இடங்கள். செய்தி நீண்டு பல துண்டுகளாகப் பிரிந்தால் துண்டுகளைச் சேர்க்கும் குறிப்புக்கும் இடம் போய், ஒவ்வொன்றிலும் 67 இடங்களே மிஞ்சும். முழுக்க மலாயில் எழுதிய செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தையோ உணர்ச்சிக் குறியையோ சேர்த்தாலும் செய்தி முழுவதும் 16 பிட்டுக்கு மாறிவிடும். இணையமில்லாத மூத்த உறுப்பினர்களுக்குச் சங்கம் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும்போது இக்கணக்கு செலவைப் பாதிக்கும். அங்கே ஏழெட்டுச் சொற்களில் செய்தியை முடிப்பது உண்மையான சிக்கனம்.

கட்டைவிரல் குறியைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா?

'பார்த்துவிட்டேன்' என்பதற்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதற்கும் நாம் அந்த ஒரே குறியைத்தான் இடுகிறோம். கனடாவின் சஸ்காட்சுவான் மாநிலத்தில் ஆளிவிதை விற்பனை ஒப்பந்தத்தின் படம் கைப்பேசியில் வந்தபோது விவசாயி ஒருவர் கட்டைவிரல் குறியைப் பதிலாக அனுப்பினார். அது கையொப்பத்துக்குச் சமம் என்று 2023இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 82,000 கனடிய டாலருக்கும் மேல் இழப்பீடு கட்டச் சொன்னது. நம் நாட்டு நீதிமன்றங்களை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் மண்டப வாடகை, சமையல் முன்பணம் போன்ற வெள்ளி சம்பந்தப்பட்டவற்றில் 'ஒப்புக்கொள்கிறேன், முன்பணம் 500 வெள்ளி செலுத்துகிறேன்' என்று சொல்லால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அனுப்பியபின் பிழை தெரிந்தால்?

புலனத்தில் 15 நிமிடங்களுக்குள் செய்தியைத் திருத்தலாம். 2023இல் வந்த வசதி இது. ஆனால் நேரமோ இடமோ மாறியிருந்தால் சத்தமில்லாமல் திருத்துவது போதாது, ஏனெனில் முதலில் படித்தவர் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. 'திருத்தம்: கூட்டம் மாலை மணி 5க்கு அல்ல, மணி 6க்கு' என்று பழையதையும் புதியதையும் சேர்த்துத் தனிச் செய்தியாக அனுப்புங்கள்.

இறப்புச் செய்தியை எப்படி எழுதுவது?

எந்தச் சுருக்கமும் இன்றி. மறைந்தவரின் முழுப் பெயர், ஊரார் அழைத்த பெயர், யாருடைய தந்தை அல்லது தாய் என்பது, உடல் வைக்கப்பட்டிருக்கும் வீட்டின் முகவரி, இறுதிச் சடங்கு தொடங்கும் கிழமை, தேதி, நேரம், உடல் எங்கு எடுத்துச் செல்லப்படும் என்பது, குடும்பத்தார் ஒருவரின் இசைவோடு அவருடைய தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். 'நம்ம அண்ணன் தவறிட்டார்' என்று மட்டும் எழுதினால் எந்த அண்ணன் என்று கேட்டு முப்பது அழைப்புகள் அந்த வீட்டுக்கே போகும். இரங்கல் தெரிவிப்பவர்களும் மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கத்தைத் தவிர்த்து 'ஆழ்ந்த இரங்கல்' என்று இரண்டு சொல்லாவது எழுதலாம். அறிவிப்புக்குக் கீழே நாற்பது இரங்கல்கள் சேர்ந்து முகவரி மேலே போய்விடும் என்பதால், பொறுப்பாளர் அறிவிப்பைக் குழுவின் மேற்பகுதியில் பொருத்திவைக்க வேண்டும். சடங்கு முடிந்த மறுநாள் அதை எடுத்துவிடலாம்.